பனிக்கட்டி மேல் ஒரு பாதை



ஒரு மாடித் தொட்டியிலிருந்து தரைக்குக் குழாய் வருகிறது. மேல்பகுதி நான்கு அங்குலக் குழாய். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அரை அங்குலக் குழாயை இணைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே மறுபடியும் நான்கு அங்குலக் குழாய். கீழே வைத்த வாளி எவ்வளவு நேரத்தில் நிரம்பும்? அதைத் தீர்மானிப்பது அந்த அரை அங்குலத் துண்டுதான் அல்லவா? மற்ற பகுதிகளை ஆறு அங்குலமாக மாற்றினாலும் வாளி விரைவில் நிரம்பப்போவதில்லை.

சாலைகளும் இருப்புப்பாதைகளும் துறைமுகங்களும் சேர்ந்த போக்குவரத்து வலைக்கும் இதே விதிதான். சாதாரண நாட்களில் இந்த விதியை நாம் கவனிப்பதில்லை. ஒரு வழி அடைபட்டால் வேறு வழியாகச் சரக்கு வந்துவிடும். ஆனால் போர்க்காலத்தில் எதிரி வழிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறான். கடைசியில் ஒரே ஒரு வழி மிஞ்சும்போது, அதன் மிகக் குறுகிய பகுதி எவ்வளவு சரக்கைக் கடத்தும் என்பது பல லட்சம் பேரின் உயிர்க் கேள்வி ஆகிவிடுகிறது. அப்படி ஒரு கேள்விக்கு இயற்பியல் விடை தேடிய கதையை இப்போது பார்ப்போம்.

முற்றுகை

இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று அழைக்கப்படும் நகரம் 1991 வரை லெனின்கிராடு என்ற பெயர் தாங்கியிருந்தது. 1941 ஜூன் மாதம் ஜெர்மனி சோவியத் யூனியன் மீது படையெடுத்தது. ஆகஸ்டு 30-ஆம் நாள் மகா என்ற ரயில் சந்திப்பு ஜெர்மன் படையிடம் வீழ்ந்தது. நகரை நாட்டின் பிற பகுதியோடு இணைத்த கடைசி இருப்புப்பாதை அத்துடன் துண்டிக்கப்பட்டது. செப்டம்பர் 8-ஆம் நாள் லடோகா ஏரிக்கரையிலுள்ள ஷ்லிசெல்பர்க் நகரும் வீழ்ந்தது. வடக்கே பின்லாந்துப் படை நின்றது. தரைவழி முழுதும் அடைபட்டது.

நகருக்குள் சுமார் 25 லட்சம் மக்கள். சண்டையிட்டுப் பிடிப்பதைவிடப் பட்டினி போட்டு அழிப்பதே எதிரியின் திட்டமாக இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் நகரம் நாளொன்றுக்கு 2,100 டன் மாவு செலவழித்தது. நவம்பர் பிற்பகுதியில் அது 510 டன்னாகக் குறைக்கப்பட்டது. நவம்பர் 20 முதல் தொழிலாளிக்கு ஒரு நாள் ரொட்டி 250 கிராம். மற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம்! அதிலும் மாவோடு மரக்கூழும் பிண்ணாக்கும் கலந்திருந்தன. கடையில் பொட்டலம் வாங்கும்போது 125 கிராம் என்பது எவ்வளவு என்று கையில் வைத்துப் பாருங்கள். கடுங்குளிரில் ஒரு சிறுவன் அன்று முழுவதும் உண்ண வேண்டியது அவ்வளவுதான்.

இப்போது ஒரு தாளில் நகரை ஒரு புள்ளியாகக் குறியுங்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். போருக்கு முன் அந்த வட்டத்தைப் பல இருப்புப்பாதைகளும் சாலைகளும் கடந்து சென்றன. செப்டம்பர் 8-க்குப் பின் தரையில் கடக்கும் கோடு ஒன்றுகூட இல்லை. விமானங்கள் கொண்டுவந்தது சொற்பமே. மிஞ்சியது கிழக்கே இருந்த லடோகா ஏரி மட்டும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏரி அது. இலையுதிர் காலத்தில் படகுகளும் கப்பல்களும் அதில் சரக்கைக் கொண்டுவந்தன. நவம்பரில் ஏரி உறையத் தொடங்கியதும் அந்த வழியும் நின்றது.

சங்கிலியும் கண்ணிகளும்

உறைந்த ஏரியின் மேலேயே லாரிகளை ஓட்டினால் என்ன? ஏரியின் தென்பகுதி ஒரு குடா. அதன் குறுக்கே கிழக்குக் கரையில் கோபோனாவிலிருந்து மேற்குக் கரைக்குச் சுமார் 30 கி.மீ. தொலைவு. மேற்குக் கரையிலிருந்து நகருக்கு ஒரு பழைய கிளை இருப்புப்பாதை இருந்தது.

ஆனால் பனிக்கட்டி மட்டும் போதாது. நாட்டின் உட்பகுதியிலிருந்து ரயிலில் வரும் மாவு கிழக்குக் கரையை அடைய வேண்டும். பிறகு பனிக்கட்டியைக் கடக்க வேண்டும். பிறகு மேற்குக் கரையில் மறுபடி ரயிலில் ஏற வேண்டும். இவை ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் நாளொன்றுக்கு இத்தனை டன் கடத்தலாம் என்ற அளவு உண்டு. அதைக் கொள்திறன் என்போம். முழுச் சங்கிலியின் கொள்திறன் அதன் மிக மெலிந்த கண்ணியின் கொள்திறனே.

நவம்பர் 8-ஆம் நாள் டிக்வின் என்ற ரயில் நகரை ஜெர்மன் படை பிடித்தது. கிழக்குக் கரைக்கு வரும் ரயில் கண்ணி அறுந்தது. அதற்கு வடக்கே காடுகளின் ஊடே 300 கி.மீ.-க்கும் மேற்பட்ட நீளத்தில் அவசரமாக ஒரு பாதை வெட்டினார்கள். சேற்றிலும் பனியிலும் லாரிகள் சிக்கிக்கொண்டன. ஒரு நாளில் 35 கி.மீ. மட்டுமே நகர்ந்த வண்டிகளும் உண்டு. அந்த நாட்களில் ஏரியின் பனிக்கட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் நகருக்கு ரொட்டி பெருகியிருக்காது. டிசம்பர் 9-ஆம் நாள் சோவியத் படை டிக்வினை மீட்டது. அதன் பிறகே ரயில்கள் ஏரியை நெருங்கின. 1942-இன் தொடக்க மாதங்களில் கோபோனா வரையிலேயே புது இருப்புப்பாதை போடப்பட்டது.

பனிக்கட்டி எப்படித் தடிக்கிறது?

இனி ஏரிக்கு வருவோம். நீர் 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மிகுந்த அடர்த்தி உடையது என்று படித்திருப்பீர்கள். அதற்குக் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நிற்கும். உறைந்த பனிக்கட்டி அதைவிட இலேசு. ஆகவே ஏரி மேலிருந்து கீழ்நோக்கி உறைகிறது. மேலே கூரை போல் பனிக்கட்டி. அடியில் நீர்.

இந்தக் கூரை தடிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அடியிலுள்ள நீர் உறைய வேண்டுமானால் அதன் உள்ளுறை வெப்பம் வெளியேற வேண்டும். அந்த வெப்பம் ஏற்கனவே உள்ள பனிக்கட்டியின் ஊடேதான் மேலே செல்ல முடியும். பனிக்கட்டியோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே பனிக்கட்டி தடிக்கத் தடிக்க, அதுவே ஒரு கம்பளிபோல் ஆகி, மேலும் தடிப்பதைத் தாமதப்படுத்துகிறது. தடிப்பு இரு மடங்காக வேண்டுமானால் காலம் நான்கு மடங்கு தேவை. மும்மடங்குக்கு ஒன்பது மடங்கு.

அன்று திட்டமிட்டவர்கள் கையில் இருந்த கணக்கு இது: பூச்சியத்துக்குக் கீழே 5 டிகிரியில் 10 செ.மீ. பனிக்கட்டி உருவாக 64 மணி நேரம் வேண்டும். கீழே 10 டிகிரியில் 34 மணி. கீழே 15 டிகிரியில் 23 மணி. ஒரு டன் சரக்கு ஏற்றிய லாரிக்கு 20 செ.மீ. தடிப்பு தேவை. மேலே சொன்ன விதிப்படி, கீழே 10 டிகிரியில் 34-ஐ நான்கால் பெருக்கினால் 136 மணி வரும். அதாவது ஏறக்குறைய ஆறு நாட்கள். பசித்த நகரம் கடுங்குளிர் வர வேண்டும் என்று காத்திருந்தது! நகர மக்களை வீட்டுக்குள் உறையவைத்துக் கொன்ற அதே குளிர்தான் அவர்களுக்குப் பாதையும் போட்டுக்கொடுத்தது.

பனிக்கட்டி தாங்கும் பாரமோ தடிப்பின் இருமடியைப் பொறுத்தது. தடிப்பு இரண்டு மடங்கானால் ஏறக்குறைய நான்கு மடங்கு பாரத்தைத் தாங்கும். தடிப்பின் இருமடி காலத்தைப் பொறுத்தது என்று முன்பே பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குளிர் மாறாமல் இருந்தால், தாங்கும் பாரம் காலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும்! ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு கூடுதல் பலத்தைச் சேர்க்கிறது. முதலில் எதை அனுப்பலாம், பிறகு எதை அனுப்பலாம் என்று திட்டமிட இது உதவும்.

அப்படித்தான் நடந்தது. முதலில் ஆட்கள் நடந்து சென்று தடிப்பை அளந்து வழி குறித்தார்கள். அடுத்து, லாரியைவிட இலேசான குதிரைச் சறுக்கு வண்டிகள் சென்றன. நவம்பர் 22-ஆம் நாள் லாரிகள் இறங்கின. ஒன்றரை டன் சுமக்கும் சிறிய லாரிகள் அவை. தொடக்கத்தில் அவற்றில் முழுச் சுமை ஏற்றவில்லை. சில மூட்டைகளோடு அனுப்பினார்கள். பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவுவதற்காக, லாரிக்குப் பின்னால் சறுக்கு வண்டியைக் கட்டி அதில் பங்கிட்டார்கள். பனிக்கட்டி உடைந்தால் குதித்துத் தப்புவதற்காக ஓட்டுநர்கள் அந்தக் குளிரிலும் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள்.

விழுந்த பஞ்சுத்தூள் போன்ற பனி, வெப்பத்தை வெளியேறவிடாமல் போர்த்தும் போர்வை. அதை வாரி ஒதுக்கினால் லாரிக்கு வழி கிடைப்பதோடு அடியிலுள்ள கட்டியும் தடிக்கும். விரிசல் விட்ட இடங்களில் மரப்பாலங்கள் போட்டார்கள். தடம் நைந்துபோனால் பக்கத்தில் புதுத் தடம் போட்டார்கள்.

விளங்காத விபத்துகள்

இத்தனை கவனத்துக்குப் பிறகும் லாரிகள் மூழ்கின. குண்டு விழுந்த பள்ளங்களில் சில மூழ்கின. அது விளங்கக்கூடியது. விளங்காதது வேறொன்று. நகரை நோக்கி முழுப் பாரத்துடன் வந்த லாரிகள் பத்திரமாகக் கடந்தன. திரும்பும்போது நோயாளிகளையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, குறைந்த பாரத்துடன் போன லாரிகள் பல இடங்களில் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போயின. கனமான லாரியைத் தாங்கிய பனிக்கட்டி இலேசான லாரியைத் தாங்கவில்லை!

படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். காரணம் என்னவாக இருக்கும்?

லெனின்கிராடு இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பாவெல் கோபேகோ என்ற விஞ்ஞானி இதை ஆராயும் பணியைத் தம் சக விஞ்ஞானி நௌம் ரெய்னோவிடம் ஒப்படைத்தார். பனிக்கட்டி எவ்வளவு வளைகிறது, எப்படி அதிர்கிறது என்பதைத் தானே பதிவுசெய்யும் கருவி ஒன்றை ரெய்னோவ் அமைத்தார். பசியால் தளர்ந்த மனிதர்கள் குண்டுவீச்சுக்கு நடுவே அக்கருவிகளை ஏரியில் நிறுவினார்கள். அவை வரைந்த கோடுகளில் விடை இருந்தது. குற்றவாளி பாரம் அல்ல. வேகம்.

பனிக்கட்டியைக் கெட்டியான தரை என்று எண்ணாதீர்கள். அது நீரின் மேல் மிதக்கும் மீள்தன்மையுள்ள தகடு. லாரி நிற்கும்போது அதன் அடியில் தகடு சற்றே குழிந்து, லாரியின் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. இது ஆர்க்கிமிடீஸ் விதி. லாரி நகரும்போது அந்தக் குழிவும் கூடவே நகர்கிறது. அடியிலுள்ள நீர் விலகுவதும் கூடுவதுமாக இருக்கும். அதாவது லாரி ஓர் அலையை எழுப்புகிறது.

அந்த அலைக்கென்று சொந்த வேகம் உண்டு. லாரி அதைவிட மெதுவாகச் சென்றால், லாரி கொடுக்கும் ஆற்றல் முன்னும் பின்னும் பரவிக் கலைந்துவிடும். குழிவு சிறியதாகவே இருக்கும். லாரியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானாலோ, அலை லாரியை விட்டு விலகுவதே இல்லை. லாரி கொடுக்கும் ஆற்றலெல்லாம் அதே அலையில் சேர்ந்துகொண்டே போகிறது. ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துச் சின்னச் சின்னதாகத் தள்ளினால் ஊஞ்சல் உயர உயரப் போவதை அறிவீர்கள். ஏறக்குறைய அதுபோலத்தான் இதுவும். குழிவு ஆழமாகிறது, தகடு மிகுதியாக வளைகிறது, இறுதியில் முறிகிறது.

அந்த வேகம் எவ்வளவு? ஆழம் குறைந்த நீரில் செல்லும் நீண்ட அலையின் வேகத்தை எளிதாகக் கணக்கிடலாம். புவியீர்ப்பு முடுக்கத்தை நீரின் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஆழம் 10 மீட்டர் என்றால், 9.8-ஐ 10-ஆல் பெருக்கி 98. அதன் வர்க்கமூலம் விநாடிக்கு 9.9 மீட்டர். அதாவது மணிக்கு சுமார் 36 கி.மீ. ஆழம் 6 மீட்டர் என்றால் மணிக்கு சுமார் 28 கி.மீ. பனிக்கட்டியின் தடிப்பும் விறைப்பும் இந்த மதிப்பைச் சற்று மாற்றும். லடோகாவில் ஆபத்தான வேகமாகக் கண்டறியப்பட்டது மணிக்கு ஏறத்தாழ 35 கி.மீ. பாரமேற்றிய லாரி அந்த வேகத்தை எட்டுவதில்லை. பாரம் குறைந்த லாரியின் ஓட்டுநர், உள்ளே இருப்பவர்களை விரைவில் கரை சேர்க்க விரும்பி வேகத்தைக் கூட்டினார். அந்த வேகமே எமனாயிற்று.

ஒரு லாரியின் அலை இன்னொன்றின் அலையோடு சேர்ந்தாலும் வளைவு கூடும். எனவே எந்த வேகத்தில் போகலாம், வண்டிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று விதிகள் வகுக்கப்பட்டன. இந்த அறிவு இன்றும் வழக்கில் உள்ளது. கனடாவின் வடக்கே சுரங்கங்களுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் பனிப்பாதைகளில் பாரமேற்றிய லாரிகளின் வேகத்துக்குக் கடுமையான வரம்பு உண்டு.

கணக்கும் உண்மையும்

இடைவெளி விட்டு மெதுவாகப் போனால் சரக்கு குறையாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். லாரிகள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், 100 மீட்டருக்கு ஒன்றாகப் போவதாகக் கொள்வோம். ஓரிடத்தில் நின்று எண்ணினால் மணிக்கு 200 லாரிகள் கடக்கும். லாரிக்கு ஒன்றரை டன் வீதம் மணிக்கு 300 டன். பத்து மணி நேரத்தில் 3,000 டன்! மெதுவான வேகத்திலும் ஒரு தடம் இவ்வளவு கடத்தும்.

உண்மையில் கடந்தது எவ்வளவு? பாதை 1942 ஏப்ரல் 24-ஆம் நாள் பனிக்கட்டி உருகும்வரை இயங்கியது. அந்தக் குளிர்காலத்தில் நகரத்துக்கு வந்து சேர்ந்த சரக்கு 3,61,109 டன். நாள் சராசரி ஏறக்குறைய 2,350 டன். கணக்குக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி எங்கே போயிற்று? பனிப்புயல், விமானத் தாக்குதல், பழுதான லாரிகள், ஏற்றி இறக்கும் நேரம், மேற்குக் கரை ரயிலுக்கு நிலக்கரிப் பஞ்சம் என்று பல இடங்களில் போயிற்று. பனிக்கட்டி கெட்டிப்பட்ட பிறகு மெலிந்த கண்ணி வேறிடத்துக்கு நகர்ந்தது. ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்தது தலைகாட்டும். எந்தக் கண்ணி இன்று மெலிந்தது என்று தினமும் தேடுவதே வழங்கல் துறையின் வேலை. ஓட்டுநர்களும் தங்கள் கண்ணியைத் தாங்களே பலப்படுத்தினார்கள். நாளுக்கு இரண்டு நடை என்பது அவர்களின் முழக்கமாயிற்று.

டிசம்பர் 25-ஆம் நாள் ரொட்டி அளவு முதன்முறையாக உயர்ந்தது. தொழிலாளிக்கு 100 கிராமும் மற்றவர்களுக்கு 75 கிராமும் கூடியது. திரும்பிய லாரிகள் அந்தக் குளிர்காலத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றின. ஆயினும் உதவி எல்லாருக்கும் எட்டவில்லை. முற்றுகையில் மாண்டவர்கள், குறைந்த மதிப்பீட்டின்படியே, ஆறு லட்சத்துக்கு மேல். 1942 ஜூன் மாதம் ஏரியின் அடியில் எரிபொருள் குழாயும், செப்டம்பரில் மின்கம்பியும் போடப்பட்டன. 1943 ஜனவரியில் ஏரியின் தென்கரையில் ஒரு சிறு தரைவழி திறந்தது. அதில் சில வாரங்களுக்குள் இருப்புப்பாதை போட்டு, பிப்ரவரி 7-ஆம் நாள் முதல் ரயில் நகரை அடைந்தது. 1944 ஜனவரி 27-ஆம் நாள் முற்றுகை முழுதும் நீங்கியது.

வெட்டின் விதி

ஒரே சங்கிலியானால் மெலிந்த கண்ணியைக் கண்டுபிடிப்பது எளிது. பல சந்திப்புகளும் பல பாதைகளும் பின்னிய வலையில் அதை எப்படிக் காண்பது? அமெரிக்கக் கணித அறிஞர்கள் போர்டு, புல்கெர்சன் இருவரும் 1956-இல் இதற்கு அழகான தேற்றம் ஒன்றை வெளியிட்டார்கள். சரக்கு புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் பிரிக்குமாறு வலையின் குறுக்கே ஒரு கோடு வரையுங்கள். அது வெட்டும் பாதைகளின் கொள்திறன்களைக் கூட்டுங்கள். இப்படி வரையக்கூடிய எல்லாக் கோடுகளிலும் மிகச் சிறிய கூட்டுத்தொகை எதுவோ, அதுவே அந்த வலை கடத்தக்கூடிய மிகப் பெரிய அளவு.

இந்தக் கேள்வி அவர்களிடம் வந்த விதம் கவனிக்கத்தக்கது. சோவியத் யூனியனிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு ரயில் மூலம் எவ்வளவு சரக்கு செல்ல முடியும், அதைத் தடுக்க எங்கே வெட்டுவது என்று அமெரிக்க ராணுவத்துக்காக ஆராய்ந்த ஹாரிஸ் என்ற கணித அறிஞரும் ராஸ் என்ற தளபதியும் எழுப்பிய கேள்வி அது. 44 சந்திப்புகளும் 105 இணைப்புகளும் கொண்ட வலையை வைத்து அவர்கள் 1955-இல் எழுதிய அறிக்கை 1999 வரை ரகசியமாக இருந்தது.

நகரைப் பட்டினி போட நினைப்பவன் மிகச் சிறிய வெட்டைத் தேடுகிறான், அறுப்பதற்காக. நகருக்கு உணவூட்ட நினைப்பவனும் அதே வெட்டைத் தேடுகிறான், அகலப்படுத்துவதற்காக. கணிதம் இருவருக்கும் ஒரே விடையைத்தான் சொல்லும். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதன் கையில் இருக்கிறது. வெள்ளத்தில் சூழப்பட்ட ஊருக்கு அரிசி அனுப்பவும் இதே தேற்றம் பயன்படும்.

நீங்களே செய்து பாருங்கள்

சரக்கு அ என்ற ஊரிலிருந்து ஈ என்ற ஊருக்குப் போக வேண்டும். இடையில் ஆ, இ என்ற இரு ஊர்கள். நாளொன்றுக்கு அ-விலிருந்து ஆ-வுக்கு 8 டன், அ-விலிருந்து இ-க்கு 5 டன், ஆ-விலிருந்து இ-க்கு 2 டன், ஆ-விலிருந்து ஈ-க்கு 4 டன், இ-யிலிருந்து ஈ-க்கு 9 டன் கடத்தலாம். மொத்தம் எத்தனை டன் ஈ-யை அடையும்? படம் வரைந்து, நான்கு வெட்டுகளையும் போட்டுப் பாருங்கள். விடை 11 என்று வந்தால், எந்தப் பாதைகளை அகலப்படுத்தினால் பயன் உண்டு, எவற்றை அகலப்படுத்துவது வீண் என்பதையும் உங்களால் சொல்ல முடியும்.